சயாம் ஸ்டாம்ப் சேர்ப்பது எப்படி: எழுத்து, அச்சு, மை, அப்புறம்தான் பணம்

சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் பழைய ஸ்டாம்ப் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு கேட்டலாக் வாங்குவார்கள், அடுத்ததாக அதில் விலை அதிகம் போட்டிருக்கும் ஏதோ ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி ஏமாறுவார்கள். நான் இரண்டையும் ஒரே மாதத்தில் செய்து முடித்தேன். அந்த ஏமாந்த கதை கீழே வருகிறது. அதற்கு முன்னால் ஒன்று: இந்த நாட்டு ஸ்டாம்பில் அடிப்படை டிசைன்கள் கொஞ்சம்தான், விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அந்தக் கொஞ்ச டிசைன்களின் மேல் பாங்காக்கில் திரும்பத் திரும்ப ஏதாவது ஒன்றை அச்சடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மதிப்பு மாற்றம், நாணய மாற்றம், ஜூபிலி, செஞ்சிலுவை, போர் வெற்றி, புலி என்று. சயாமின் ருசி முழுக்க அந்த மேல் அச்சில் இருக்கிறது, ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது.

அதனால் எந்த ஸ்டாம்ப் எத்தனை ரூபாய் என்று பட்டியல் போடப் போவதில்லை. கையில் ஒன்று வந்தால் அதை எப்படிப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: எல்லை போட்டுக்கொள்ளுங்கள்

1883 ஆகஸ்ட் 4 அன்று பாங்காக்கில் தபால் சேவை தொடங்கியது. அதே நாளில் முதல் ஸ்டாம்புகளும் வந்தன. ராஜா சுலாலங்கோர்ன், அதாவது ஐந்தாம் ராமா, ஆட்சியில் இருந்த காலம். அவருடைய தம்பி இளவரசர் பானுரங்சிதான் தபால் துறைக்கு முதல் தலைவர். 1910 அக்டோபர் 23 அன்று ராஜா காலமானார். இந்த 27 வருடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவே ஒரு ஆயுளுக்குப் போதும். கொஞ்சம் நீட்டிக்க ஆசை இருந்தால் அடுத்த ராஜா வஜிராவுத் காலத்தில் 1920 வரை போகலாம், செஞ்சிலுவையும் புலியும் உள்ளே வந்துவிடும். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

பழைய ஆல்பத்திலோ கலவைப் பொட்டலத்திலோ தேடும்போது ‘தாய்லாந்து’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அந்தப் பெயர் வந்தது 1939-இல்தான். சயாம் என்று தேடுங்கள். கேட்டலாக்குகள் மட்டும் எல்லாவற்றையும் தாய்லாந்து என்ற தலைப்பில் போட்டிருக்கும். ஸ்காட், கிப்பன்ஸ் என்ற இரண்டு கேட்டலாக்குகளிலும் எண்கள் வேறு வேறு என்பதால், விற்கிறவர் ஒரு நம்பரைச் சொன்னால் அது எந்தக் கேட்டலாக் என்று கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது படி: நாணயத்தைப் படியுங்கள், நமக்கு இது சுலபம்

1883 தொடரில் ஆங்கில எழுத்து கிடையாது. நாட்டின் பெயர் கிடையாது. ராஜாவின் முகமும் சயாமிய எழுத்தும் மட்டும். வெளிநாட்டுக்காரர்கள் இங்கே தலையைச் சொறிவார்கள், நமக்கு அவ்வளவு சிரமம் இல்லை. அவர்களுடைய மிகச் சிறிய காசின் பெயர் சொலோட். பாலி, சமஸ்கிருத வழியில் வந்த சொல், பதினாறு என்று அர்த்தம். கோயிலில் சோடச உபசாரம் என்கிறோமே, அதே சோடசம். அடுத்தது அட், எட்டு. அட்டதிக்கு, அட்டமி என்று நாம் தினமும் சொல்கிற அட்டம்தான். ஃபுவாங் என்ற காசில் பதினாறில் ஒரு பங்கு சொலோட், எட்டில் ஒரு பங்கு அட். கால் பங்குக்கு சியோ, அரைப் பங்குக்கு சீக் என்று பெயர். இரண்டு ஃபுவாங் சேர்ந்தால் ஒரு சலூங், நான்கு சலூங் சேர்ந்தால் ஒரு டிக்கல். ஆக ஒரு டிக்கலுக்கு 64 அட், அல்லது 128 சொலோட். நம் தாத்தாக்கள் ரூபாய், அணா, பைசா கணக்குப் போட்ட மாதிரிதான், ஒரு தாளில் எழுதி ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

அடுத்து எண்கள். தாய் எழுத்து கெமர் எழுத்தின் வழியாக வந்தது, கெமர் எழுத்துக்கு மூலம் பல்லவர் எழுத்து, அதாவது காஞ்சிபுரத்துக் காற்று கொஞ்சம் அங்கேயும் அடித்திருக்கிறது. அதற்காகப் பார்த்ததும் படித்துவிட முடியும் என்று நினைக்க வேண்டாம். பத்து எண்களையும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எழுதிப் பழகுங்கள். பூஜ்யம் வெறும் வட்டம். ஒன்று உள்ளே சுருண்ட சுழி. எல்லோரும் தடுமாறுவது நான்கிலும் ஐந்திலும்தான், இரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், ஐந்துக்கு மட்டும் ஒரு மடிப்பு கூடுதல். இந்த ஒரு சாயங்காலம் பின்னால் பணத்தை மிச்சம் பிடிக்கும், எப்படி என்று 1907-க்கு வரும்போது சொல்கிறேன்.

மூன்றாவது படி: மேஜைமேல் என்ன வேண்டும்

நுனி தட்டையான ஸ்டாம்ப் இடுக்கி, பத்து மடங்கு லென்ஸ், பல் அளக்கும் அட்டை, கறுப்புத் தட்டு, சுத்தமான லைட்டர் பெட்ரோல். அவ்வளவுதான். பல் அளவு என்பது ஸ்டாம்பின் ஓரத்தில் 2 சென்டிமீட்டரில் எத்தனை துளை என்ற கணக்கு. 14 என்றால் 14 துளை. லைட்டர் பெட்ரோல் நீர்க்குறி பார்க்க: ஸ்டாம்பைக் கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்து இரண்டு சொட்டு விட்டால் தாளில் மறைந்திருக்கும் உருவம் சில நொடி தெரிந்து மறையும். அடுப்பங்கரையில் செய்யாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ரப்பர் கலந்த பெட்ரோல் பசை, நெயில் பாலிஷ் எடுக்கும் திரவம் என்று கைக்கு வந்ததை ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அந்த ஸ்டாம்பை அப்புறம் பார்க்கவே மனசு வராது.

நான்காவது படி: அச்சு முறையை விரலாலும் கண்ணாலும் பழகுங்கள்

இதைத் தாண்டிக் குதித்து யாரும் சயாம் பக்கம் போகக் கூடாது என்று ஒரு சட்டமே போடலாம். தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று, தகட்டில் பள்ளமாகச் செதுக்கி, பள்ளத்தில் மை நிரப்பி, தாளை அழுத்தி எடுப்பது. புது 500 ரூபாய் நோட்டில் காந்தி படத்தின்மேல் விரல் நகத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கும். மை தாளுக்கு மேலே மேடாக நிற்கிறது. 1883 தொடர் இந்த வகை. லென்ஸில் கோடுகள் முடி மாதிரி மெல்லிசாக, கூர்மையாக இருக்கும்.

இரண்டு, எழுத்து மேடாக இருக்கும் அச்சு. இதற்கு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை வேண்டும். டிரெடில் மிஷினில் ஈய எழுத்து கோர்த்து அடித்தது. வீட்டுப் பீரோவில் எங்காவது இருக்கும், அம்மாவிடம் கேளுங்கள். அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து அழுந்திய தடம் தெரியும். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் மை பிதுங்கிக் கரை கட்டியிருக்கும், நடுவில் கொஞ்சம் வெளுத்திருக்கும். 1887 தொடரும், அதன்மேல் பாங்காக்கில் ஈய எழுத்துக் கோர்த்து அடித்த மதிப்பு மாற்றங்களும் இந்த வகை.

மூன்று, கை முத்திரை. ஆபீஸில் குத்துகிற சீல் மாதிரி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில், மை ஒரு பக்கம் திட்டாக, ஒரு பக்கம் இல்லாமல். 1885-இல் சொலோட் ஸ்டாம்பின்மேல் சிவப்பில் குத்தியது இந்த வகை.

இந்த மூன்றும் கண்ணுக்குப் பழகிவிட்டால் போலிகளில் பாதி தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். ஈய எழுத்தில் அடித்திருக்க வேண்டியது கம்ப்யூட்டர் பிரிண்டரில் வந்த மாதிரி மழமழவென்று புள்ளி புள்ளியாக இருந்தால் அப்புறம் என்ன ஆராய்ச்சி வேண்டிக் கிடக்கிறது.

ஐந்தாவது படி: தொடர்களை வரிசையாக அறிந்துகொள்வது

1883. லண்டன் வாட்டர்லோ கம்பெனி அடித்தது. சொலோட் நீலம், அட் ரோஜா, சியோ சிவப்பு, சீக் மஞ்சள், சலூங் ஆரஞ்சு. நீர்க்குறி இல்லை. பல் 14½ அல்லது 15. சிவப்பில் ஒரு ஃபுவாங் ஸ்டாம்பும் ஆர்டர் கொடுத்திருந்தார்கள், கப்பல் தாமதமாக வந்து சேர்ந்ததால் அது புழக்கத்துக்கே விடப்படவில்லை. ஆல்பத்தில் அதற்கு ஒரு காலிக் கட்டம் வைத்துவிட்டு ‘வேலைக்கு வந்து நாற்காலி கிடைக்காதவர்’ என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். இந்தத் தொடரில் ஆரம்பக்காரர் கையில் எடுக்க வேண்டியது நீலச் சொலோட்தான். மேலே இருக்கும் சின்ன முட்டை வடிவக் கட்டத்தின் பின்னணிக் கோடுகளைப் பார்த்து மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் வித்தியாசம் புரியவே புரியாது. நாலைந்து சொலோட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிடும்.

1885 ஜூலை 1 அன்று சயாம் உலகத் தபால் ஒன்றியத்தில் சேர்ந்தது. அதுவரை வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்களுக்கு வேறு ஒரு ஏற்பாடு இருந்தது: பாங்காக் பிரிட்டிஷ் தூதரகத்தில் ஒரு தபால் நிலையம், அங்கே விற்றது சிங்கப்பூர், பினாங்கு பக்கத்து நீரிணைக் குடியேற்ற நாடுகளின் ஸ்டாம்ப், அதன்மேல் பாங்காக்கைக் குறிக்கும் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து. 1882-இல் தொடங்கி சயாம் ஒன்றியத்தில் சேர்ந்ததும் அது மூடப்பட்டது. இவற்றில் ஒன்றாவது இல்லாமல் சயாம் ஆல்பம் முழுமை ஆகாது என்று சொல்வார்கள். சரிதான், ஆனால் ஒரே ஒரு எழுத்தைப் போலியாக அடிப்பது எவ்வளவு சுலபம் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

ஒன்றியத்தில் சேர்ந்ததும் பெரிய மதிப்பு தேவைப்பட்டது. இருந்த சொலோட்களை எடுத்து, ‘1 டிக்கல்’ என்று ஆங்கிலத்தில் சிவப்பாகக் குத்திவிட்டார்கள். இருப்பதிலேயே குட்டிக் காசை அதன் 128 மடங்காக ஒரு சீலில் மாற்றியாயிற்று. எழுத்து அளவும் இடைவெளியும் மாறி மாறிப் பல வகைகள் உண்டு. போலிகள் அதைவிட அதிகம்.

1887. இந்த முறை டி லா ரூ கம்பெனி. ஆங்கிலமும் சேர்ந்தாயிற்று. 2, 3, 4, 8, 12, 24, 64 அட், பிறகு 1891-இல் 1 அட். இங்கே தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். படத்துக்கு ஒரு தகடு, மதிப்புக்கு இன்னொரு தகடு, இரண்டு தடவை அச்சு. சின்ன மதிப்புகள் பச்சையோடு ஒரு நிறம், பெரிய மதிப்புகள் ஊதாவோடு ஒரு நிறம். 1 அட் மட்டும் முழுப் பச்சை. தாளில் சக்கர நீர்க்குறி, பல் 14. பச்சையும் ஊதாவும் அந்தக் கம்பெனி வேண்டுமென்றே தண்ணீரில் கரைகிற மாதிரி கலந்து வைத்திருந்த மைகளின் குடும்பம், யாராவது முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டப் பார்த்தால் படமே ஓடிவிடும். ஆகவே பழைய கவர் துண்டோடு இருக்கும் 1887 ஸ்டாம்பை வழக்கம்போலக் கிண்ணத்துத் தண்ணீரில் போடாதீர்கள். துண்டோடு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அழகாகவும் இருக்கும்.

1899. ஜெர்மனி லைப்சிக் நகரத்தில் கீசெக்க உண்ட் டெவ்ரியன்ட் அச்சகம். ராஜாவின் புது முகம். அதற்கு முன்னால் நடந்த கூத்துதான் சுவாரஸ்யம்: 1897-இல் தயாரான ஒரு தொடரை ராஜாவே வேண்டாம் என்று நிராகரித்துவிட்டார். ஆனால் அதில் கொஞ்சம் 1899 அக்டோபரில் தவறுதலாக மூன்று தபால் நிலையங்களுக்குப் போய்ச் சேர்ந்து விற்பனையும் ஆகிவிட்டது. இன்று கிடைக்கும் பயன்படுத்தியவை பெரும்பாலும் அந்த டிசம்பரில் கொராட் ஊரில் சேகரிப்பாளர்களுக்காகவே முத்திரை குத்திக் கொடுத்தவை. உண்மையிலேயே கடிதத்தில் போனது கிடைத்தால் கதை வேறு, விலையும் வேறு.

1905-இல் வாட் அருண் கோயில் படத் தொடர், பார்க்க அழகு, பெரிய சிக்கல் இல்லை. 1907-இல் வருமான ஸ்டாம்புகளின்மேல் (ரெவின்யூ ஸ்டாம்ப்) 10, 20, 40 டிக்கல் என்று அடித்துத் தபாலுக்கு விட்டார்கள். இங்கேதான் அந்த எண் படித்த சாயங்காலம் கைகொடுக்கும்: அசலில், கீழே இருக்கும் வருமான ஸ்டாம்பின் சயாமிய மதிப்பும் மேலே அடித்த ஆங்கில எண்ணும் ஒன்றாகவே இருக்கும். போலி அடித்தவர்கள் கையில் கிடைத்த மலிவான வருமான ஸ்டாம்பை எடுத்து மேலே பெரிய எண்ணைப் போட்டிருப்பார்கள். சயாமிய எண் தெரிந்தவருக்கு இது ஒரு நொடி வேலை.

1908-இல் நாற்பது வருட ஆட்சிக்கு ஜூபிலி மேல் அச்சு, நவம்பர் 11 அன்று ராஜாவின் குதிரைச் சிலை திறந்தபோது அந்தச் சிலைப் படத்தோடு பெரிய டிக்கல் மதிப்புகள். 1909-இல் நாணயமே மாறி ஒரு டிக்கலுக்கு 100 சதாங் ஆனது. 64-ஐ 100 ஆக்கினால் முழு எண் எங்கே வரும், 4 அட்டின்மேல் 6 சதாங், 8 அட்டின்மேல் 12, 9 அட்டின்மேல் 14 என்று முன்னே பின்னே தள்ளி அடித்தார்கள். 1910-இல் சதாங்கிலேயே புதுத் தொடர், அதே வருடம் ராஜாவும் போய்விட்டார்.

வஜிராவுத் தொடர் 1912-இல் வியன்னாவில் அச்சானது, 1917-இல் அதே மாதிரியான ஸ்டாம்ப் வாட்டர்லோவுக்குப் போனது. போர் நடக்கிறது, வியன்னாவுக்கு எங்கே ஆர்டர் கொடுப்பது, அதே வருடம் ஜூலை 22 அன்று சயாமே ஆஸ்திரியாமீது போர் அறிவித்துவிட்டது. இரண்டையும் பிரிக்கப் பல் அட்டையை எடுங்கள்: வியன்னா 14½, லண்டன் 14. பிறகு 1918 ஜனவரியில் செஞ்சிலுவை, டிசம்பரில் ‘வெற்றி’, 1920-இல் ராஜா வஜிராவுத் அமைத்த தொண்டர் படையான காட்டுப்புலிப் படைக்காகப் புலி முத்திரை. மூன்றிலும் நல்ல போலிகள் உண்டு. நல்ல என்றால், நிஜமாகவே நல்ல.

ஆறாவது படி: மேல் அச்சு, நம் விஷயமே இதுதான்

1889 முதல் பத்துப் பதினோரு வருடம் 1887 தொடரின்மேல் மதிப்பை மாற்றி மாற்றி அடித்தார்கள். 2 அட்டின்மேல் 1 அட், 3 அட்டின்மேல் 1 அல்லது 2, 64 அட்டின்மேல் 1, 2, 24-இன்மேல் 10, 12-இன்மேல் 4. மேலே சயாமிய எழுத்து ஒரு வரி, கீழே ஆங்கிலம் ஒரு வரி.

இதை ஈய எழுத்துக் கோர்க்கும் ஒரு கம்பாசிட்டரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு தாள் நிறைய ஸ்டாம்ப், ஒவ்வொன்றின்மேலும் ஒரே வாசகம் வர வேண்டும். ‘அட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அத்தனை தடவை கோர்க்க வேண்டும். அறைப்பெட்டியில் ஒரே அளவு ‘டி’ எழுத்து அவ்வளவு இருக்காது, தீர்ந்ததும் வேறு பெட்டியிலிருந்து கொஞ்சம் தடித்த ‘டி’ எடுத்துப் போடுவார். சிலதில் புள்ளி வைப்பார், சிலதில் மறப்பார். ஒன்று என்று எண்ணைப் போட்டுவிட்டுக் கை பழக்கத்தில் பன்மைக்கான ‘எஸ்’ சேர்த்துவிடுவார். 64-இன்மேல் அடித்ததில் இந்த ‘1 அட்ஸ்’ பிழை பிரபலம். ‘எஸ்’ தலைகீழாகக் கோர்க்கப்பட்டதும் உண்டு. அந்தக் கோர்ப்பை அப்படியே வைத்து அடுத்தடுத்த தாள்களை அடிக்கும்போது, அதே பிழை ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் வரும்.

இந்த ‘அதே இடத்தில்’ என்பதுதான் சேகரிப்பாளருக்கு முக்கியம். தாளுக்குத் தாள் திரும்ப வரும் பிழை நிலையான வகை, அதற்கு மதிப்பு. மை குறைந்து ஒரு எழுத்தின் கால் மங்கியது, தாளில் தூசி இருந்து வெள்ளையாக விட்டது இதெல்லாம் ஒரு தடவை நடந்த விபத்து. பார்க்க வேடிக்கை, அவ்வளவுதான். விற்கிறவர்கள் இரண்டையும் ‘அரிய பிழை’ என்றே எழுதுவார்கள்.

நான் கற்றுக்கொண்ட விதம் இது: 12-இன்மேல் 4 அட் ஸ்டாம்புகளில் கொஞ்சம் கிழிந்தது, பல் போனது, முத்திரை அசிங்கமாக விழுந்தது என்று நாற்பது சொச்சம் மொத்தமாக மலிவுக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேனை நிறுத்திவிட்டு சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் ஒன்றுபோலவே. அப்புறம் எண்ணுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை மட்டும் பார்த்துப் பிரித்தேன், இரண்டு குவியல் ஆனது. ஒவ்வொரு குவியலிலும் கடைசி எழுத்தின் மேல் வளைவை மட்டும் பார்த்தேன், நான்கு ஆனது. சயாமிய வரிக்கும் ஆங்கில வரிக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலில் அளந்தேன். சாயங்காலம் காப்பி வந்தபோது ஆறு குவியல் இருந்தது, ஃபேன் இல்லாமல் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அதன் பிறகு கேட்டலாக்கைத் திறந்தேன். அதுவரை புரியாமல் இருந்த பொடி எழுத்துக் குறிப்புகள் எல்லாம் தெருவில் பார்த்துப் பழகிய ஆட்கள் மாதிரி அடையாளம் தெரிந்தன. கேட்டலாக்கை முதலில் திறந்திருந்தால் அது சொன்னதை மட்டும் தேடியிருப்பேன்.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள். ஒரே ஒரு மேல் அச்சைத் தேர்ந்தெடுத்து, மோசமான நிலையில் இருப்பவற்றை மொத்தமாக வாங்கி, பிரித்துப் பழகுங்கள். படிப்பதற்குக் கிழிந்த ஸ்டாம்பும் அசல் அச்சுதான்.

ஏழாவது படி: முத்திரைத் தேதி

சயாமிய முத்திரையில் வருடம் நம் ஆங்கில வருடமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆரம்பத்தில் சூல சகாப்தம், 638 கூட்டினால் நம் வருடம். 1889 முதல் ரத்தனகோசின் சகாப்தம், பாங்காக் தலைநகரான 1782 அதற்கு முதல் வருடம், ஆகவே 1781 கூட்ட வேண்டும். 1913 முதல் புத்த வருடம், 543 கழிக்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. 1889-இலிருந்து 1940 வரை அவர்களுக்குப் புத்தாண்டு ஏப்ரல் 1. எனவே ரத்தனகோசின் 118 டிசம்பர் என்றால் 1899, ஆனால் அதே 118 ஜனவரி என்றால் 1900. இதை மறந்துவிட்டு, வெளியிடுவதற்கு முன்பே பயன்படுத்திய அதிசய ஸ்டாம்ப் கையில் இருக்கிறது என்று நம்பிக் குதித்தவர்களில் அடியேனும் ஒருவன்.

எட்டாவது படி: வாங்குவது, ஏமாறாமல்

இப்போது அந்தக் கதை. இணையத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், சொலோட்டின்மேல் சிவப்பு ‘1 டிக்கல்’, பயன்படுத்தியது, கேட்டலாக் விலையில் நான்கில் ஒரு பங்குக்குக் கொடுத்தார். வந்தது. நீலம் அசல், பல் சரி, கறுப்பு முத்திரையும் அசல். இரண்டு நாள் பர்ஸில் வைத்துக்கொண்டு திரியாத குறைதான். மூன்றாம் நாள் லென்ஸில் பார்க்கும்போது, சிவப்பு எழுத்து கறுப்பு முத்திரைக் கோட்டைக் குறுக்கே வெட்டும் இடம் கண்ணில் பட்டது. அங்கே கறுப்பு அறுந்து, சிவப்பு முழுசாக ஓடியது. சிவப்பு மேலே, கறுப்பு கீழே. அப்படியென்றால் முதலில் தபாலில் போய் முத்திரை வாங்கிய சாதாரண சொலோட், அதன் பிறகு எவனோ வீட்டில் உட்கார்ந்து டிக்கல் குத்தியிருக்கிறான். அசலில் இது எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும்: மேல் அச்சு முதலில், தபால் முத்திரை அதற்கு மேலே. வெட்டும் இடத்தைப் பார்க்காமல் பயன்படுத்திய மேல் அச்சு ஸ்டாம்ப் எதையும் இனி வாங்குவதில்லை. விற்கிறவரிடம் அந்த இடத்தை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். பயன்படுத்தாத ஸ்டாம்பில் இந்தச் சோதனை நடக்காது, அங்கே மையின் நிறமும் எழுத்தின் அளவும் மட்டும்தான் சாட்சி, அதனால் இன்னும் ஜாக்கிரதை.

ஆரம்ப வருடத்தில் 1887 தொடரின் சின்ன மதிப்புகள், 1899, 1905 தொடர்களின் சாதாரணங்கள், மேலே சொன்ன மாதிரி படிப்பதற்கு ஒரு மேல் அச்சுக் குவியல், இவ்வளவு போதும். டிக்கல் முத்திரை, ‘பி’, 1907 பெரிய மதிப்புகள், செஞ்சிலுவை, புலி இவற்றை, அசல்தான் என்று நிபுணர்கள் கொடுத்த சான்றிதழ் இல்லாமல் தொடாதீர்கள். லண்டன் ராயல் ஃபிலாடெலிக் சொசைட்டியின் நிபுணர் குழு, நியூயார்க் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷன் மாதிரியான இடங்களின் சான்றிதழ் என்றால் அதிலிருக்கும் படத்தையும் கையில் இருக்கும் ஸ்டாம்பையும் பல் பல்லாக ஒப்பிட்டுப் பாருங்கள். சான்றிதழ் அசலாகவும் ஸ்டாம்ப் வேறாகவும் இருந்த கேஸ் உண்டு.

பாங்காக் போகும் வாய்ப்பு கிடைத்தால் சாம்சென் நய் தபால் நிலையத்தில் இருக்கும் ஸ்டாம்ப் மியூசியத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் என்றாலும், அசலின் நிறம் எப்படி இருக்கும் என்று கண்ணில் பதிவது பெரிய விஷயம். மொபைல் திரையில் ரோஜா நிறம் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும்.

ஒன்பதாவது படி: வைத்துக் காப்பது

சயாமும் ஈரமான ஊர், நம் கடற்கரை ஊர்களும் ஈரம். நூறு வருடம் அந்த ஈரத்தில் இருந்துவிட்டு வந்த ஸ்டாம்பில் பழுப்புப் புள்ளி இருக்கத்தான் செய்யும், பின்பசை வெடித்திருக்கும் அல்லது போயிருக்கும். 1883 ஸ்டாம்பில் பளபளவென்று புத்தம்புதுப் பசை இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் சந்தேகப்படுங்கள், யாராவது புதிதாகப் பூசியிருக்கலாம். பழுப்புப் புள்ளி உள்ளதை நல்லதோடு ஒரே பக்கத்தில் வைக்காதீர்கள், பரவும். வாசனை அடிக்கும் மலிவு பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஆல்பத்தைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றாமல், புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள், பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவையாவது பக்கங்களைப் புரட்டிக் காற்றுக் காட்டுங்கள்.

ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் கீழே பென்சிலில் எழுதி வையுங்கள்: பல் அளவு, நீர்க்குறி பார்த்தீர்களா, மேல் அச்சில் எந்தக் குவியல், முத்திரைத் தேதியை எப்படிக் கணக்குப் போட்டீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள். பேனா வேண்டாம், ஏனென்றால் நிறைய அழிப்பீர்கள். என் ஆல்பத்தில் அந்தப் போலி டிக்கலும் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில், வெட்டும் இடத்துக்கு நேராக ஒரு பென்சில் அம்புக்குறியோடு. பக்கத்தில் கொடுத்த விலையும் எழுதியிருந்தது, வீட்டில் யாரோ பார்த்துவிட்டுக் கேட்டதால் அதை மட்டும் அழித்துவிட்டேன்.